அம்மாவின் ஏழு நோட்டுகள்: ஓர் இல்லத்தரசியின் 92 வருட வாழ்க்கையை எப்படி எழுதுவது?

கடைசிமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் இங்கே வாசிப்பதோடு சரி, இதுதான் முதல் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அம்மா தவறிவிட்டார். வயது 92. மூன்று வாரத்தில் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறோம். வருகிறவர்களுக்குக் கொடுக்க நான்கு பக்கத்தில் ஒரு சிறு மலர் போடுகிறோம். வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. அண்ணன் ஏற்கெனவே ஒன்று எழுதிக் கொடுத்தார்: "அன்பின் வடிவம், தியாகத்தின் திருவுருவம், தன்னலம் அறியாத தாய்." அழுதுகொண்டேதான் எழுதினார், அதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் வாசித்துப் பார்த்தால் அம்மா அதில் இல்லை. யாருடைய அம்மாவுக்கும் அதை அப்படியே போடலாம்.

அப்பா இறந்தபோது இதே வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வேலையில் சேர்ந்த தேதி, இடமாற்றம், பதவி உயர்வு, ஓய்வு பெற்ற நாள் எல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தன. அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தால் பிறப்பு, திருமணம், நான்கு பிரசவம், மறைவு. 92 வருடத்துக்கு மொத்தமே ஏழு தேதி.

அம்மா செய்தது ஏழு தேதிக்குள் அடங்குகிற காரியமா? தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பிரசவ வலி எடுத்தால் துணைக்குப் போவார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியவர்களுக்கு மருந்தை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டு வருவார். பெண்ணின் படிப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார், சம்மதம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் யாருக்கு, எந்த வருடம், எத்தனை தடவை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கையில் இருப்பது ஏழு நோட்டுகள். 1971இல் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. அப்போது தெருவில் வேறு யாரிடமும் கிடையாது, அதனால் எல்லாருக்கும் வருகிற அழைப்பும் எங்களுக்குத்தான். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, அதில் ஒரு நோட்டை மாட்டி, நூலில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் அம்மா. யாருக்கு என்ன தகவல் என்று நேரத்தோடு குறித்துக்கொள்வார். போய்ச் சொல்லிவிட்டு வந்ததும் ஓரத்தில் 'சொ' என்று எழுதி வட்டமிடுவார். 1996 வரைக்கும் இருக்கிறது. தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இதை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது? செய்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

---

தாழ்வாரம் எழுதியது:

ஆழ்ந்த அனுதாபங்கள் தோழி.

தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்கிறீர்களே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர்களை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பக்கத்தை இங்கே போட முடியுமா? நாங்கள் வெளியாட்கள். உங்களுக்குப் பழகிப்போனது எங்கள் கண்ணில் படலாம்.

---

கணக்குவாத்தியார் எழுதியது:

அம்மாவுக்கு என் அஞ்சலி. 34 வருடம் பொருளியல் நடத்தியவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

அப்பாவுக்குக் கோப்பு இருந்ததும் அம்மாவுக்கு இல்லாமல் போனதும் உங்கள் குடும்பத்தின் குறை அல்ல. கணக்கு எழுதுகிற முறையே அப்படி. ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920இலேயே இதைக் காட்டினார்: ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான், ஆளும் அதே ஆள்தான். சம்பளம் நின்றதும் கணக்கிலிருந்து காணாமல் போகிறார். 1934இல் மார்கரெட் ரீட் என்ற பொருளியலாளர் ஓர் அளவுகோல் கொடுத்தார். ஒரு காரியத்தைக் கூலி கொடுத்து இன்னொருவரைச் செய்யவைக்க முடியுமானால், வீட்டில் யார் செய்தாலும் அது உற்பத்தி வேலைதான்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்குப் போட்டது. கணக்கெடுத்த 64 நாடுகளில் மட்டும் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் கூலியில்லாத பராமரிப்பு வேலை நடக்கிறது. 200 கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் சம்பளமே வாங்காமல் உழைப்பதற்குச் சமம். அதில் 76.2 சதவீதம் பெண்கள் செய்வது.

மலரில் 'தொழில்' என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். 'இல்லை' என்று போடவே போடாதீர்கள்.

---

கடைசிமகள் எழுதியது:

நன்றி ஐயா. நன்றி தாழ்வாரம். மூன்றாவது நோட்டில் ஒரு பக்கம், பெயர்களுக்குப் பதில் வீட்டை மட்டும் குறித்திருக்கிறேன்:

"காலை 4.40. மூன்றாம் வீடு. ஊரில் அப்பா போய்விட்டார். உடனே கிளம்ப வேண்டும். (சொ)
11.20. மாடி வீடு. ஆண் குழந்தை. இருவரும் நலம். (சொ)
3.05. கடைசி வீட்டுத் தம்பி. நேர்முகம் நாளை இல்லை, வெள்ளி 10 மணி. (சொ)
3.50. அதே தம்பி. வெள்ளி 9 மணி. 10 இல்லை. (சொ)
இரவு 9.15. எதிர் வீட்டு அக்கா. மகன் பேசினான். பணம் அனுப்பிவிட்டானாம். குரல் சரியில்லை. (சொ)"

---

செவிலி_இரவுப்பணி எழுதியது:

கடைசி வரியைப் பாருங்கள். "குரல் சரியில்லை." அதைச் சொல்லச் சொல்லி யாரும் அழைக்கவில்லை. அம்மா தானாகக் கேட்டுக் குறித்துக்கொண்டது அது. தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றீர்களே அக்கா, இந்த இரண்டு சொல் முழுக்க அவர்தான்.

முதல் வரியும் என்னை விடவில்லை. 22 வருடமாக மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறேன், மரணச் செய்தியை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். விடிவதற்கு முன்னால் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எங்களுக்கு இதற்குப் பயிற்சி உண்டு: உட்காரவைத்துச் சொல், சுற்றி வளைக்காதே, 'இறந்துவிட்டார்' என்று தெளிவாகச் சொல், சொன்ன உடனே எழுந்து போகாதே. உங்கள் அம்மா இதை எப்படிச் செய்தார்? மூன்றாம் வீட்டில் யாராவது இன்னும் இருந்தால் கேளுங்களேன்.

---

மூத்தவள் எழுதியது:

வருத்தத்தில் இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவும் இப்படித்தான். 86 வயதாகிறது, இருக்கிறார். ஊரில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். எல்லாருக்கும் தெய்வம். அவர் கிளம்பிப் போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பின் முன் நின்றது பத்து வயது நான். தம்பிகள் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்பியது நான். எனக்குக் காய்ச்சல் கண்ட ஓர் இரவில் அம்மா வேறொரு வீட்டில் வேறொரு குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தைக்கு என்னைவிட அதிகக் காய்ச்சல், அது நியாயம்தான். ஆனாலும் ஐம்பது வருடமாக மறக்கவில்லை.

உங்கள் பெயர் கடைசிமகள். உங்கள் அக்காவிடம் கேட்டீர்களா? காலை 4.40க்கு அம்மா வெளியே போனபோது வீட்டில் கைக்குழந்தையை யார் வைத்திருந்தது என்று? வெறும் புகழ்ச்சி எழுதினால் அந்தக் குழந்தையைத் தூக்கிவைத்திருந்த கை அதில் வராது.

---

மூன்றாம்மாடி எழுதியது:

மூத்தவள் அம்மா, நீங்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. தியாகம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். மறுக்கும் உரிமை இருந்தவர் கொடுத்தால் அது தியாகம். மறுக்கவே வழியில்லாதவர் செய்ததையும் அதே பெயரில் அழைத்தால், அவருக்கு வழி இல்லாமல் போனதே மறைந்துவிடுகிறது.

ஐஸ்லாந்தில் 24.10.1975 அன்று பெண்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அலுவலகம் மட்டும் இல்லை, சமையல், குழந்தை, வீட்டு வேலை எதையும் தொடவில்லை. நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் கலந்துகொண்டார்கள். அப்பாக்கள் வேறு வழியில்லாமல் குழந்தைகளை அலுவலகத்துக்குத் தூக்கிப்போனார்கள். அடுத்த வருடமே சம உரிமைச் சட்டம் வந்தது. நின்றால்தான் அந்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது.

---

தாழ்வாரம் எழுதியது:

மூன்றாம்மாடி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வீட்டுக்கு உள்ளே செய்ததையும் தெருவுக்குச் செய்ததையும் ஒன்றாகக் கட்ட வேண்டாமே. வீட்டு வேலையை மறுக்க அந்தக் காலத்தில் வழியில்லை, சரி. தெருவில் இருப்பவர்களுக்குத் தகவல் கொண்டுபோகச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்? "இங்கே பேசாதீர்கள்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அவராகத் தேர்ந்தெடுத்தது என்று ஒன்று இருந்தால் அது இதுதான். சம்பள வேலைக்குப் போகவிடாத ஒரு காலத்தில், திறமையுள்ள ஒரு பெண் தன் ஆற்றலைச் செலுத்த எங்கே வழி கிடைத்ததோ அங்கே செலுத்தியிருக்கிறார்.

---

மூத்தவள் எழுதியது:

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆனால் தேர்ந்தெடுத்தது அவர், விலை கொடுத்தது நான்.

---

கடைசிமகள் எழுதியது:

மூத்தவள் அம்மா, நீங்கள் எழுதியதற்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். இரவே அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ பிறந்தபோது எனக்கு 14. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பரீட்சைக்குப் படித்தேன். ஒருத்தராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தது" என்றார். அக்காவின் பெயரும் மலரில் வரும், என்ன செய்தார் என்பதோடு சேர்த்து.

இன்னொன்று. செவிலி சொன்னபடி மூன்றாம் வீட்டுக்குப் போனேன். அன்று செய்தி கேட்டவர் இப்போது இல்லை, அவர் மருமகள் இருக்கிறார். 78 வயது. அவர் சொன்னது: "உங்கம்மா கதவைத் தட்டவில்லை. ஜன்னல் பக்கம் வந்து என்னை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் என்னிடம் சொல்லிவிட்டு, 'நீ விளக்கைப் போடு, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரை எழுப்புகிறேன்' என்றார். நாங்கள் வண்டி ஏறும்வரை இருந்தார். குழந்தைகளின் துணிமணியை எடுத்து வைத்ததும் அவர்தான். திரும்பி வந்து பார்த்தால் வீடு பெருக்கித் துடைத்திருந்தது. சாவி அவரிடம்தானே இருந்தது."

செவிலி, உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தது எல்லாம் அப்படியே இருக்கிறதா?

---

செவிலி_இரவுப்பணி எழுதியது:

அக்கா, வாசித்துவிட்டு ஓய்வறையில் உட்கார்ந்து அழுதேன். எல்லாம் இருக்கிறது, எங்களுக்குச் சொல்லித்தராததும் இருக்கிறது. முதலில் ஒருவரைத் தயார்செய்துவிட்டு, அவர் உதவியோடு அடுத்தவரிடம் போயிருக்கிறார்.

92 வயது வரை இருந்தார் என்றதால் ஒரு விஷயம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 423 வயதான தம்பதிகளை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள், 2003இல் முடிவு வந்தது. உறவினருக்கும் நண்பருக்கும் அக்கம்பக்கத்துக்கும் உதவிக்கொண்டிருந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. உதவி பெற்றவர்களிடம் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. உடம்பில் தெம்பு உள்ளவர்தானே ஓடியாடி உதவுவார் என்ற சந்தேகம் வரும், நியாயமான சந்தேகம். உடல்நிலை வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அதே திசையில்தான் முடிவு நின்றது. 2010இல் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். உறவுப் பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல்.

ஆனால் 'ஊருக்கு உழைத்ததால் ஆயுள் கிடைத்தது' என்று மலரில் எழுதிவிடாதீர்கள். இதே மாதிரி ஓடி உழைத்து 50 வயதில் போய்ச் சேர்ந்த பெண்களை என் வார்டிலேயே பார்த்திருக்கிறேன்.

---

ஆற்றங்கரை எழுதியது:

"மொத்தமே ஏழு தேதி" என்று ஆரம்பத்தில் வருத்தப்பட்டீர்களே, அதைப் பற்றி. பின்லாந்திலும் கனடாவிலும் 18, 19ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பதிவேடுகளை எடுத்து 2004இல் ஒரு ஆய்வு செய்தார்கள். அந்த ஏடுகளில் இருப்பதும் பிறப்பு, திருமணம், இறப்பு மட்டும்தான். அதை வைத்தே ஒன்று கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் 50 வயதுக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் அவருக்குக் கூடுதலாக இரண்டு பேரக்குழந்தைகள் இருந்தார்கள். பாட்டி இருந்த வீட்டில் பிள்ளைகள் சீக்கிரம் குடும்பமானார்கள், பேரக்குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள். அந்தப் பாட்டிகள் என்ன செய்தார்கள் என்று எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கையில்தான் அது தெரிகிறது.

அம்மாவின் வாழ்க்கையும் மற்றவர்களின் தேதிகளில் இருக்கும். மாடி வீட்டு ஆண் குழந்தை பிறந்த நாள், கடைசி வீட்டுத் தம்பி வேலையில் சேர்ந்த நாள், படிப்பு நிற்காமல் போன பெண் பட்டம் வாங்கிய வருடம். அங்கே போய்த் தேடுங்கள்.

---

கணக்குவாத்தியார் எழுதியது:

ஆற்றங்கரை எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். மார்கரெட் ரீடின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கூலிக்கு ஆள் வைத்துச் செய்யக்கூடிய வேலை, கணக்கில் வரும். ஜன்னல் பக்கம் நின்று யாரை முதலில் எழுப்புவது என்று தெரிந்துவைத்திருப்பது? அதற்கு ஆள் கிடைக்காது. அந்த வீட்டோடு இருபது வருடம் பழகியிருக்க வேண்டும்.

1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தனியாக இருந்த முதியவர்கள் ஏராளம். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனென்பெர்க் அடுத்தடுத்து உள்ள இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வறுமையும், தனித்து வாழும் முதியவர்களும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஜனநடமாட்டமும் பழக்கவழக்கமும் உயிரோடு இருந்த தெருக்களில் சாவு பல மடங்கு குறைவு. இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லையே என்று போய்க் கதவைத் தட்ட ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் வித்தியாசம். உங்கள் தெருவில் அந்த ஒருவர் உங்கள் அம்மா.

---

கடைசிமகள் எழுதியது:

ஏழு நோட்டையும் முழுக்க வாசித்துவிட்டேன், நான்கு இரவு ஆனது. எல்லா வரியிலும் 'சொ' இருக்கிறது. ஒரே ஒரு வரியில் இல்லை.

1983. மாலை 6.30. ஒரு வீட்டின் பெயர். "உடனே வரச் சொன்னார். வராவிட்டால் நேரில் வருவாராம்." ஓரம் காலி. கீழே கோடு இழுத்திருக்கிறார், பென்சில் அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது.

அந்தப் பெண்மணி இப்போது தொலைவில் இருக்கிறார். அண்ணனிடம் எண் வாங்கிப் பேசினேன். அம்மா ஏன் உங்களுக்கு அந்தத் தகவலைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லத் தேவையே இல்லை. அந்த அழைப்பு வந்தபோது நான் உங்கள் வீட்டு உள் அறையில்தான் இருந்தேன். உங்கம்மா எடுத்து, 'அவள் இங்கே வரவில்லை' என்றார். வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கை நடுங்கியது. அன்றைக்குத்தான் அவர் பொய் சொல்லி நான் பார்த்தேன். பதினோரு நாள் உங்கள் வீட்டில் இருந்தேன். என் தம்பி வந்து கூட்டிப்போனான்" என்றார்.

எனக்கு அப்போது எட்டு வயது. யாரோ ஒரு அத்தை வந்து தங்கியிருந்ததும், அவர் எனக்குப் பின்னல் போட்டுவிட்டதும் மட்டும் நினைவிருக்கிறது. அது பயந்து ஒளிந்திருந்த ஒருவரின் கை என்று இப்போதுதான் தெரிகிறது.

---

பழையகேசட் எழுதியது:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முக்கியமான எச்சரிக்கை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த நோட்டு உங்கள் அம்மாவின் எழுத்து, ஆனால் அதில் இருப்பது மற்றவர்களின் வாழ்க்கை. 1983 சம்பவத்தை அந்தப் பெண்மணியின் சம்மதம் இல்லாமல் மலரில் போடாதீர்கள். பெயரை எடுத்துவிட்டாலும் தெருக்காரர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். உங்கள் அம்மா நாற்பது வருடம் வெளியே விடாத விஷயம் அது, உங்களிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே எழுதியதுவரை அடையாளம் எதுவும் இல்லை, அது போதும்.

இனி நோட்டுகள். பென்சில் எழுத்து நன்றாக நிற்கும், மையைப் போல மங்காது, ஆனால் தேய்ந்தால் போய்விடும். பக்கத்துக்குப் பக்கம் உரசாமல் படுக்கைவசமாக வையுங்கள். கிழிந்த இடத்தில் சாதாரண ஒட்டு நாடா ஒட்டவே கூடாது, சில வருடத்தில் மஞ்சளாகித் தாளைக் கெடுக்கும். லேமினேட் செய்யாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் குறைந்தது 300 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் எடுங்கள், பழைய புகைப்படம் என்றால் 600. இரண்டு பிரதி, இரண்டு வேறு வீட்டில். புகைப்படத்தின் பின்புறம் பெயர் எழுதுவதானால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். பசைத் தாள் உள்ள ஆல்பத்தில் இருக்கும் படங்களை அவசரப்பட்டுப் பிய்க்காதீர்கள், அப்படியே ஸ்கேன் எடுங்கள்.

தெருக்காரர்களிடம் பேசும்போது செல்பேசியில் பதிவு செய்யுங்கள், முதலில் அனுமதி கேட்டு. "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "தங்கமானவர்" என்றுதான் வரும், அதற்கு மேல் போகாது. நோட்டில் அவர்கள் வீட்டுப் பெயர் உள்ள வரியைக் காட்டுங்கள். காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். பேச்சு நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், மனதில் பத்து எண்ணுங்கள். நல்லது எல்லாம் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

மூத்தவள் அம்மா, உங்களுக்கும் ஒன்று. உங்கள் அம்மா இருக்கிறார். 86 வயது. பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்ததுதான் முதியவர்களுக்கு மிகத் தெளிவாக நினைவில் நிற்கும் என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். நீங்கள் பிறப்பதற்கு முந்தைய அம்மா அங்கே இருக்கிறார். கேட்க மனம் வந்தால் கேளுங்கள்.

---

கடைசிமகள் எழுதியது:

பழையகேசட் ஐயா, அவரிடம் மறுபடி பேசினேன். "போடாதே அம்மா, உன் மனதில் வைத்துக்கொள்" என்றார். போடவில்லை.

மலருக்கு எழுதியதில் முதல் பகுதி இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"1971 முதல் 1996 வரை இந்தத் தெருவின் பிறப்பும் இறப்பும் வேலையும் பயணமும் அம்மாவின் காது வழியாகத்தான் வந்தன. தகவல் வந்ததும் நடந்துபோய்ச் சொன்னார். நல்ல செய்தி என்றால் வாசலிலிருந்தே கூப்பிட்டுச் சொல்வார். கெட்ட செய்தி என்றால் உள்ளே போய் உட்கார்ந்து சொல்வார். அதனால் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாலே எங்களுக்கு வயிறு கலங்கும் என்று நான்கு வீட்டில் சொன்னார்கள். அம்மா வெளியே போன நேரங்களில் எங்களைப் பார்த்துக்கொண்டது அக்கா. 14 வயதில் தொடங்கினார். அம்மா செய்த எதுவும் அக்கா இல்லாமல் நடந்திருக்காது."

தொழில் என்ற இடத்தில் அண்ணனும் நானும் வெகுநேரம் பேசி, 'இல்லத்தரசி, தெருவின் தகவல் நிலையம்' என்று போட்டோம். அக்கா இரண்டாவதை அடித்துவிட்டார். "அம்மா யாரையும் காக்கவைத்ததில்லை, நிலையம் என்றால் நாம்தான் போக வேண்டும்" என்றார். இப்போது 'இல்லத்தரசி. தெருவில் எல்லா வீட்டுக்கும் நடந்தவர்' என்று இருக்கிறது.

---

செவிலி_இரவுப்பணி எழுதியது:

ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள் அக்கா.

---

தாழ்வாரம் எழுதியது:

ஒரே ஒரு யோசனை. மூன்றாவது நோட்டின் அந்தப் பக்கத்தை, வீட்டுக்காரர்கள் சம்மதித்தால், படமாகவே மலரில் போடுங்கள். அந்த 'சொ' வட்டத்தை எல்லாரும் பார்க்கட்டும்.

---

மூத்தவள் எழுதியது:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன். பழையகேசட் ஐயா சொன்னதற்குப் பிறகு அம்மாவிடம் போய் இரண்டு பகல் இருந்தேன். என் வருத்தத்தை முதலில் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய கதையைக் கேட்டேன். அம்மாவுக்கு ஒன்பது வயதில் அவர் அம்மா பிரசவத்தில் இறந்தார் என்பது தெரிந்ததுதான். தெரியாதது: அன்று இரவு வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. அம்மா மூன்று வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மூன்றும் திறக்கவில்லை. நான்காவது திறந்தபோது நேரம் கடந்துவிட்டது.

பதிவில் இந்த இடத்தில் ஒன்றரை நிமிடம் ஒன்றுமே இல்லை. மின்விசிறி சத்தம் மட்டும்.

அப்புறம் அவராகவே கேட்டார்: "உனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு நான் வீட்டில் இல்லை, இல்லையா?" அம்மாவுக்கு அது நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "இல்லை" என்றேன். "திரும்பி வந்து பார்த்தேன், தூங்கிவிட்டாய், எழுப்பவில்லை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனம் முழுக்க ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நாளை மறுபடி போகிறேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. யோசனை இருந்தால் இன்று இரவுக்குள் எழுதுங்கள்.

---

கடைசிமகள் எழுதியது:

நான்காவது கதவைத் திறந்தவர் யார் என்று கேளுங்கள் அக்கா.